சிறு விமான நிறுவனங்களில் பைலட் வேலை: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பணம் கட்டும் முன் போடவேண்டிய கணக்கு

பிள்ளை பைலட் ஆக வேண்டும் என்று சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி "கேப்டனுக்கு மாதம் எவ்வளவு வரும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து முதல் சம்பளம் வரும் நாள் வரை எத்தனை மாதம் ஆகும், அந்த மாதங்களுக்கு வட்டி யார் கட்டுவது? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் இந்தப் படிப்புக்குப் பணம் பெரும்பாலும் நிலத்தை வைத்துத்தான் புரட்டப்படுகிறது. அதனால் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் சம்பளத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இங்கே பேசுவது ஏடிஆர், டோர்னியர், எம்ப்ரேயர் போன்ற சிறு விமானங்களை ஓட்டும் வேலையைப் பற்றி. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் இண்டிகோ ஓட்டும் ஏடிஆர் 72, அலையன்ஸ் ஏர், ஸ்டார் ஏர், 2024 மார்ச்சில் பறக்கத் தொடங்கிய ஃபிளை91 எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

செலவு குறைந்த சோதனை முதலில்

பலர் பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டிவிட்டு அப்புறம் மருத்துவச் சோதனைக்குப் போகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். சில ஆயிரங்களில் தெரிந்துவிடும் விஷயத்துக்காக லட்சங்களைப் பணயம் வைக்க வேண்டாம்.

முதலில் பெயர். நம் ஊர் மதிப்பெண் சான்றிதழில் "சு. கார்த்திகேயன்" என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். ஆதாரில் வேறொரு வரிசை. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் ஒன்றிய அரசு அமைப்பான டிஜிசிஏவின் இணையதளத்தில், தேர்வெழுதத் தேவையான கம்ப்யூட்டர் நம்பருக்கு விண்ணப்பிக்கும்போது இவை மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். பிளஸ் டூ முடிக்கும் முன்பே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்திக்கொள்வது சுலபம். மதிப்பெண் சான்றிதழ் உண்மையானதா என்று தேர்வு வாரியத்திடமிருந்து சரிபார்ப்பும் வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு அது சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் வேலை. 2011-ல் போலி மதிப்பெண் சான்று கொடுத்து லைசென்ஸ் வாங்கிய பைலட்கள் பிடிபட்ட பிறகு இந்தச் சோதனையை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேவை. அறிவியல் குரூப்பில் கணிதம் இல்லாமல் படித்தவர்களும் வணிகவியல் படித்தவர்களும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறலாம்.

அடுத்தது உடல். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றை டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் வாங்கலாம். ஆனால் சம்பளத்துக்குப் பறக்க முதல் வகுப்புச் சான்று வேண்டும். நமக்கு அருகில் உள்ள பெரிய மையம் பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம். காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் மதியத்துக்குள் பெங்களூரில் இருக்கலாம். கண்ணாடி போட்டிருப்பது தடை கிடையாது. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு வேறு விஷயம். புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கும் அட்டையில் தடுமாறுகிறவர் அங்கேயே நின்று யோசிப்பது நல்லது. இந்தச் சோதனையை உள்ளூர்க் கண் மருத்துவரிடம் சில நிமிடங்களில் செய்து பார்த்துவிடலாம். சளி பிடித்திருக்கும்போது காது கேட்கும் சோதனைக்குப் போகாதீர்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். இப்படிச் சின்னக் காரணத்துக்குத் "தற்காலிகத் தகுதியின்மை" என்று எழுதி அனுப்பிவிட்டால் சில மாதம் வீணாகும்.

மூன்றாவது எழுத்துத் தேர்வு. ஏர் நேவிகேஷன், வானிலை, விமான விதிமுறைகள், டெக்னிக்கல் ஜெனரல் ஆகியவற்றில் ஒவ்வொன்றிலும் 70% வேண்டும். பயிற்சி விமானத்துக்கான டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் தாளைப் பள்ளியில் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் சான்று தனி. சென்னையிலேயே தேர்வு மையம் உண்டு. எங்கள் தீர்மானமான கருத்து: முதல் வகுப்பு மருத்துவமும் குறைந்தது மூன்று தாள்களும் கையில் இல்லாமல் பறக்கும் பயிற்சிக்கு ஒரு தவணைகூடக் கட்டக் கூடாது. தாள்கள் முடியாமல் பள்ளியில் போய் உட்கார்ந்தால், பறக்காத நாளுக்கும் விடுதிக் காசு ஓடும்.

பள்ளியில் என்ன கேட்பது

சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான சிபிஎல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி தனிப் பொறுப்பில். 300 நாட்டிகல் மைல் நீண்ட பயணம் ஒன்றும், இரவுப் பறப்பு 5 மணியும் அதற்குள் வரும். மாதம் 20 மணி கிடைத்தால் 10 மாதம். மாதம் 8 மணி கிடைத்தால் 25 மாதம். கட்டணம் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது பள்ளியில் படித்தவர் 15 மாத வட்டியைக் கூடுதலாகக் கட்டியிருப்பார்.

அதனால் "உங்களிடம் எத்தனை விமானம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டு வராதீர்கள். இன்று பறக்கும் நிலையில் உள்ளவை எத்தனை, மாணவர் எத்தனை, போன மாதம் மொத்தம் எத்தனை மணி பறந்தது என்று மூன்றையும் கேளுங்கள். 60 மாணவருக்கு மாதம் 15 மணி வீதம் 900 மணி வேண்டும். 8 விமானம் பறக்கும் நிலையில் இருந்தால் ஒவ்வொன்றும் 112 மணி ஓட வேண்டும். செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்தை 50 மணிக்கும் 100 மணிக்கும் சோதனைக்கு இறக்க வேண்டும். அதற்கு மேல் மழை, மூடுபனி, பயிற்றுநர் விடுப்பு. அந்த 112 மணி வெறும் காகிதத்தில்தான் ஓடும். கணக்கு இப்படி உதைத்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உள்ள இக்ருவா, மகாராஷ்டிரத்தின் கோண்டியாவில் உள்ள பள்ளி போன்றவற்றுக்கும் இதே கேள்விகள்தான். 2025 முதல் பயிற்சிப் பள்ளிகளை டிஜிசிஏ தரவரிசைப்படுத்துகிறது. அதையும் பாருங்கள்.

பணத்தை மொத்தமாகக் கட்டாமல் பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்டும் ஒப்பந்தம் கேளுங்கள். மல்டி எஞ்சின் மணிகள், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி), எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில், தேர்வில் தோற்றால் கூடுதல் மணிக்கு எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வேலூரிலும் ஆம்பூரிலும் "ஏவியேஷன் டிப்ளமா" என்று பேனர் பார்க்கலாம். அவை விமான நிலைய அலுவலக வேலைகளுக்கான படிப்புகள். அதை முடித்தவர் பைலட் ஆக மாட்டார்.

கடன்: ஒரு உண்மைக் கணக்கு

இந்தியாவில் சிபிஎல் முடிக்க இன்று தோராயமாக 45 முதல் 65 லட்சம் வரை ஆகிறது. நிறுவனங்களோடு இணைந்த கேடட் திட்டங்கள் ஒரு கோடியைத் தாண்டுகின்றன. 50 லட்சம், 11% வட்டி, 10 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் ரூ.68,900. இது முதல் நாளிலிருந்தே தவணை கட்டுகிறவரின் கணக்கு.

நடப்பது வேறு. பயிற்சி இரண்டு ஆண்டு, வேலை தேடும் காலம் ஒரு ஆண்டு. முழுத் தொகையையும் ஆரம்பத்திலேயே எடுத்திருந்தால் ஆண்டுக்கு 5.5 லட்சம் வீதம் 16.5 லட்சம் வட்டி சேர்ந்து கடன் 66.5 லட்சமாகிவிடும். தவணை சுமார் ரூ.91,600. பயிற்சிக் காலத்தில் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டி வந்தால் இந்த ஏற்றத்தைத் தவிர்க்கலாம். கட்ட முடியுமா என்று முதலிலேயே வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

ரூ.7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கும். நம் மாவட்டங்களில் இங்கேதான் சிக்குகிறது. நிலம் தாத்தா பெயரில், பட்டா கூட்டுப் பட்டாவாக, பங்காளிகள் கையெழுத்துப் போடாமல் இருக்கும். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க மாதங்கள் ஆகும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, தனிப்பட்டா மூன்றையும் பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே தயார் செய்யுங்கள். பட்டியலின மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தில் சிபிஎல் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஆதிதிராவிடர் நலப் பிரிவில், பள்ளியில் சேரும் முன்பே, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடகு வைக்கவும் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அரக்கோணத்து ராஜாளி கடற்படைத் தளத்தின் விமானங்களை ஓட்டுகிறவர்கள் பயிற்சிக்கு ஒரு ரூபாயும் கட்டவில்லை. கடற்படையின் குறுகிய காலப் பணி, விமானப்படையின் ஆஃப்கேட் தேர்வு, என்டிஏ எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாடமி எல்லாம் சம்பளத்தோடு பறக்கக் கற்றுத் தரும் வழிகள். அங்கிருந்து பின்னாளில் பயணிகள் விமானத்துக்கு வந்தவர்கள் ஏராளம்.

சம்பளச் சீட்டைப் படிப்பது எப்படி

சிறு விமான நிறுவனத்தில் சேர்ந்ததும் முழுச் சம்பளம் வராது. டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதி), தரைப் பயிற்சி, பயணிகளோடு பயிற்சிப் பறப்பு என்று சில மாதங்கள் ஸ்டைபண்டு மட்டும் வரும். சில இடங்களில் அதுவும் வராது. அதன் பிறகு ஏடிஆர் கோ-பைலட்டுக்குக் கைக்கு வருவது பொதுவாக மாதம் ஒன்று முதல் ஒன்றேமுக்கால் லட்சம் வரை, கேப்டனுக்கு மூன்று முதல் ஐந்து லட்சம் வரை என்பது தொழிலில் பேசப்படும் அளவு. ஏர்பஸ் கேப்டன் இதைவிடக் கணிசமாக அதிகம் வாங்குவார்.

ஆனால் இந்த எண்ணைவிட ஒப்பந்தத்தில் உள்ள "உத்தரவாத மணி" முக்கியம். சம்பளத்தில் ஒரு பகுதி நிலையானது. அது குறிப்பிட்ட மணி நேரம் வரை பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. இரண்டு ஒப்பந்தங்களை எடுத்துக்காட்டாகப் பாருங்கள். முதலாவதில் 40 மணிக்கு ரூ.1,00,000 நிலையானது, அதற்கு மேல் மணிக்கு ரூ.1,500. இரண்டாவதில் 70 மணிக்கு ரூ.1,30,000. மாதம் 65 மணி பறந்தால் முதலாவதில் ரூ.1,37,500, இரண்டாவதில் ரூ.1,30,000. முதலாவது நன்றாக இருப்பதுபோல் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையும் சேவையை ரத்து செய்து 45 மணிதான் பறந்தீர்கள் என்றால்? முதலாவதில் ரூ.1,07,500, இரண்டாவதில் அதே ரூ.1,30,000. வரியும் வருங்கால வைப்பு நிதியும் இதற்குப் பிறகு பிடிப்பார்கள். மேலே சொன்ன ரூ.91,600 தவணையை இதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். 2024 ஏப்ரலில் விஸ்தாரா பைலட்கள் பலர் வேலைக்கு வராமல் விமானங்கள் ரத்தானதற்குக் காரணமே 70 மணி உத்தரவாதத்தை 40 ஆகக் குறைத்த புதிய ஒப்பந்தம்தான்.

இன்னொன்று, சிறு விமானத்துக்கே உரியது. பறந்த நேரத்தைச் சக்கரக் கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும் வரை எண்ணுவார்கள். இதைத்தான் பிளாக் டைம் என்கிறார்கள். ஏர்பஸ்ஸில் சென்னை–டெல்லி–சென்னை போய் வந்தால் இரண்டே இறக்கத்தில் சுமார் ஐந்தே முக்கால் மணி சேர்ந்துவிடும். ஏடிஆரில் சென்னை–தூத்துக்குடி இரண்டு தடவை போய் வந்தால் கிட்டத்தட்ட அதே மணிதான், ஆனால் நான்கு புறப்பாடு, நான்கு இறக்கம். நடுவில் மூன்று முறை தரையில் நின்று பயணிகளை மாற்றும் நேரம் பல ஒப்பந்தங்களில் காசாக மாறாது. ஆகவே இறக்கத்துக்குத் தனிப்படி உண்டா, இரவு வெளியூரில் தங்கினால் எவ்வளவு, விடுமுறை நாளில் அழைத்தால் எவ்வளவு என்று வேலைக் கடிதம் வாங்கும்போதே கேளுங்கள். ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் பறக்க விதி அனுமதிக்காது. ஆகவே மாதம் 90 மணி கணக்குப் போட்டுச் சம்பளம் சொல்கிறவர் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

மேலே ஏறும் வழி

இப்போது சந்தையில் இருப்பது கேப்டன் தட்டுப்பாடு. 200 மணி பறந்த புது லைசென்ஸ்காரர்களுக்கோ போட்டி அதிகம். 2023-ல் மட்டும் டிஜிசிஏ 1,622 சிபிஎல் கொடுத்தது. அதே ஆண்டு ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்த செய்தியைக் காட்டி "வேலை காத்திருக்கிறது" என்று ஏஜெண்டுகள் சொல்கிறார்கள். அந்த விமானங்கள் பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வருபவை. முதலில் தேவைப்படுவதும் அனுபவம் உள்ளவர்கள்தான்.

சிறு விமானத்தின் உண்மையான லாபம் இங்கேதான். கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 21 வயதும் 1,500 மணியும் வேண்டும். 200 மணியோடு சேர்ந்தவர் ஆண்டுக்கு 650 மணி பறந்தால் இரண்டே ஆண்டில் அந்த எண்ணைத் தொடலாம். நிறுவனம் தன் பங்குக்கு இன்னும் சில நூறு மணி கேட்கும், சிமுலேட்டரிலும் சோதிக்கும். என்றாலும் பெரிய விமானத்தில் வரிசையில் காத்திருப்பவரைவிட ஏடிஆரில் கமாண்ட், அதாவது கேப்டன் பொறுப்பு, சீக்கிரம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதற்காகவே எழுத்துத் தேர்வுகளை 1,500 மணி வருவதற்கு முன்பே முடித்துவைக்க வேண்டும். மணி நிறைந்தும் தாள் பாக்கி இருப்பதால் பின்னால் வந்தவர் முந்திப் போவதும் நடக்கும்.

ஒன்பது பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் கேரவன் விமானத்தில் சேர்பவர் ஒரு கேள்வியை மறக்கக் கூடாது. பெரிய நிறுவனங்கள் பல எஞ்சின் விமானத்தில் ஓட்டிய மணிகளைத் தனியாகக் கேட்கும். ஆகவே அடுத்து எங்கே போகப் போகிறோம் என்று பார்த்து அந்த வேலையை எடுங்கள்.

வேலைக் கடிதம் இல்லாமல் சொந்தக் காசில் ஏடிஆர் டைப் ரேட்டிங் எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 15 முதல் 20 லட்சம் ஆகும். நாட்டில் ஏடிஆர் ஓட்டும் நிறுவனங்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். பறக்காமல் இருந்தால் அந்த ரேட்டிங்கை உயிரோடு வைக்க மறுபடி சிமுலேட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். ஏர்பஸ்ஸுக்கு மாறும்போது புதிதாக வேறொன்று எடுத்தாக வேண்டும்.

அமெரிக்கச் சிறு நிறுவனங்களின் சம்பளத்தைக் காட்டி ஆசை கூட்டுகிறவர்களும் உண்டு. அங்கே 2009-ல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் விபத்துக்குப் பிறகு கோ-பைலட்டுக்கே 1,500 மணி வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆள் கிடைக்காமல் 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் புதியவருக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. அந்த வேலைக்கு அங்கே பணிபுரியும் உரிமை வேண்டும். பயிற்சிக்கு மட்டும் போகிறவர், திரும்பி வந்து இங்கே லைசென்ஸை மாற்றத் தனித் தேர்வும் பறப்புச் சோதனையும் உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள்.

நிறுவனம் நிலைக்குமா

பாரமவுண்ட் 2010-லும், ஏர் கோஸ்டா 2017-லும், ட்ரூஜெட் 2022-லும் பறப்பதை நிறுத்தின. மூன்றும் தென்னிந்தியச் சிறு நிறுவனங்கள். சேருவதற்கு முன் நான்கு விஷயம் விசாரியுங்கள்: பறக்கும் நிலையில் எத்தனை விமானம், போன ஆறு மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, வருங்கால வைப்பு நிதி உண்மையில் கட்டப்படுகிறதா, வழித்தடங்களில் எத்தனை, சிறு ஊர்களுக்கு விமானம் ஓட்ட ஒன்றிய அரசு மானியம் தரும் உடான் திட்டத்தில் உள்ளவை. உடான் மானியம் ஒரு வழித்தடத்துக்கு மூன்று ஆண்டுதான். அது முடிந்ததும் பயணிகள் டிக்கெட் காசிலேயே வழித்தடம் ஓடியாக வேண்டும். முடியாவிட்டால் வழித்தடம் நிற்கும், கூடவே உங்கள் மாத மணிகளும் குறையும்.

அப்துல்லாபுரம் விமான நிலையம் திறந்தால் ஊரிலேயே வேலை என்று நினைத்து முடிவெடுக்காதீர்கள். அது சிறு விமானங்களுக்கானது. விமானங்கள் இரவில் எங்கே நிற்கின்றனவோ அங்கேதான் பைலட்டுக்கு பேஸ் (பணி தொடங்கும் ஊர்) போடுவார்கள். பேஸ் சென்னை என்றாலும் வேலூரிலிருந்து போய் வர முடியாது. காலை 5.30 மணி விமானத்துக்கு 4.30 மணிக்கே ஆஜராக வேண்டும். மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் வாடகை வீடு கட்டாயம். அந்த வாடகையையும் தவணையோடு கூட்டுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

டைப் ரேட்டிங் செலவை நிறுவனம் ஏற்றால் சில ஆண்டுகளுக்கு பாண்டு எழுதி வாங்கும். ஆண்டுக்கு ஆண்டு தொகை குறைகிறதா, நிறுவனமே மூடினாலோ உடல்நலத்தால் பறக்க முடியாமல் போனாலோ பாண்டு ரத்தாகுமா என்று வாசகத்தைப் பாருங்கள். தொகை எழுதாத காசோலை கேட்டால் கொடுக்காதீர்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேட்க ஆகும் செலவு, பின்னால் வரும் வழக்குக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. டிஜிசிஏ விதிப்படி வேலையை விட கோ-பைலட் 6 மாதமும் கேப்டன் 12 மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். வேறு நிறுவனத்தில் உறுதிக் கடிதம் வரும் முன் ராஜினாமா அனுப்புகிறவர் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பார். கடிதம் கொடுத்த தேதிக்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள், 6 மாதம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

முதல் முழுச் சம்பளம் வந்த மாதமே லைசென்ஸ் இழப்புக் காப்பீடு எடுங்கள். சாதாரண மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ வந்து ஆறு மாதம் பறக்க முடியாமல் போனால் வீட்டுச் செலவையும் தவணையையும் அது கட்டாது. நிறுவனம் குழுக் காப்பீடு தருகிறது என்றால், தற்காலிகத் தகுதியின்மைக்கும் பணம் உண்டா, எத்தனை மாதம் வரை என்று பாலிசிப் பிரதியைக் கையில் வாங்கிப் படியுங்கள்.